சித்தப்பா பார்த்த பாதிப் படம்

ஈரத் தேங்காய் மட்டை எரியும்போது எழுகிற புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையில் கசப்பாக இறங்கும். ஆனால் அதன் பின்னாலேயே அடுப்பில் வேகிற மரவள்ளிக்கிழங்கின் ஆவி வந்து மூக்கில் ஏறிவிட்டால் அந்தக் கசப்பு எங்கே போனதென்று தெரியாது. ஜப்பான்காரன் காலத்து வருஷக் கடைசிகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த மணம்தான். ஊரிலிருந்து கப்பலேறி வந்த பெரியவர்கள் மார்கழிப் பனியைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். கோலாலம்பூரில் பிறந்த எங்களுக்குப் பனி ஏது? மத்தியானம் வானம் கறுத்து, விளக்கு வைக்கும்வரை விடாமல் கொட்டுகிற மழைதான் எங்களுக்குக் குளிர்காலம். அம்மா அதற்குக் "குளிரு மாசம்" என்று பெயர் வைத்திருந்தாள். "குளிரு மாசம் வந்துடுச்சு, இனிமே துணி காயாது" என்று அலுத்துக்கொள்வாள். யுத்தம் வந்த பிறகு காயப் போடுவதற்கே துணி இல்லாமல் போனதால் அந்த அலுப்பும் இல்லாமல் போனது.

அப்போது எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன்; தண்டவாளம் பிரிகிற இடத்தில் நின்று வண்டிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிவிடுகிற வேலை. வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்தபோதும் தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருந்ததால் அப்பாவின் வேலையும் இருந்தது, பிரிக்பீல்ட்ஸில் அந்த வேலைக்காகக் கொடுத்திருந்த "கோட்டர்ஸ்" வீடும் இருந்தது. ஒரு கூடம், ஓர் அறை, பின்னால் தகரக் கூரை போட்ட சமையற்கட்டு. அதற்குள் அப்பா, அம்மா, மூத்தவளான நான், என் தம்பி. எங்களோடு சித்தப்பாவும் சின்னம்மாவும்.

சித்தப்பாவின் பெயர் ராசு. அப்பாவுக்கு ரொம்ப இளையவர். கிள்ளானில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் வேலை பார்த்தவர். சேலையை விரித்துக் காட்டும்போதே அதை யார் உடுத்தினால் எப்படி இருக்கும் என்று நடந்தும் காட்டுவாராம், அதற்காகவே பெண்கள் அந்தக் கடைக்கு வருவார்களாம். சின்னம்மா பூங்காவனம் மேரு பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையவில்லை, குண்டு விழத் தொடங்கிவிட்டது. கடையில் இருந்த துணி தீர்ந்தது, புதிதாக வரத் துணியில்லை, முதலாளி கதவை அடைத்தார். இரண்டு பேரும் ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சேலை விரித்த கை மண்வெட்டி பிடித்தது. வீட்டுக்குப் பின்னால் சாக்கடை ஓரம்வரை மரவள்ளிக் குச்சி நட்டுவிட்டார் சித்தப்பா. அரிசி என்பது பேருக்குக் கண்ணில் காட்டுகிற பண்டமாகிவிட்ட அந்த நாளில் அந்தக் குச்சிகள்தான் எங்கள் ஆறு பேரையும் காப்பாற்றின.

சாப்பாடு இல்லை, துணி இல்லை, மருந்து இல்லை. தெருவில் ஜப்பான்காரனைக் கண்டால் குனிந்து கும்பிட வேண்டும், மறந்தால் கன்னத்தில் விழும். இதையெல்லாம் எவ்வளவோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் குளிரு மாதத்துச் சாயங்காலங்களில் எங்கள் சமையற்கட்டில் எவ்வளவு சிரிப்பு இருந்தது என்பதை நான் எழுதாவிட்டால் வேறு யாருக்கும் தெரியாது. தகரத்தின் மேல் மழை சரம்சரமாக இறங்கும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே கோணிப்பையை எல்லாருடைய காலுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்வோம். சாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகும். வறுத்த சோளத்தை இடித்துப் போட்டு அம்மா ஒரு கறுப்புத் தண்ணீர் கொதிக்க வைப்பாள். அதற்குப் பெயர் "காப்பி". கடைசி வாய்வரை அது காப்பிதான் என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு குடிப்போம். அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலே, சித்தப்பா படம் சொல்லத் தொடங்குவார்.

சித்தப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும் படப் பைத்தியம். கிள்ளானில் இருந்த காலத்தில் கொட்டகைக்கு வந்த தமிழ்ப் படம் எதையும் இருவரும் விட்டதில்லை. ஜப்பான்காரன் வந்த பிறகும் கொட்டகைகளை மூடவில்லை. ஊரிலிருந்து புதுப் படம் வரக் கப்பல் இல்லாததால் கைவசம் இருந்த பழைய படங்களையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஓடி ஓடித் தேய்ந்து, எல்லாப் படத்திலும் மேலிருந்து கீழே கோடு கோடாக மழை பெய்தது. நடுநடுவே அறுந்த இடங்களை ஒட்டியதில் கதாநாயகன் ஒரு வார்த்தையைத் தொடங்கி இன்னொரு வார்த்தையை முடிப்பான். அப்படி அறுந்துபோன இடங்களில் என்ன இருந்தது என்று எங்களுக்குச் சொல்லுவது சித்தப்பாவின் வேலை. துண்டைத் தலையில் போட்டால் ராணி, இடுப்பில் கட்டினால் ராஜா, முகத்தை மூடினால் வில்லன். குரல் மாற்றுவார், குதிரையாக ஓடுவார். என் தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போவான்.

சின்னம்மா சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே வழக்காடுவாள்.

"புலி தொரத்துது" என்பார் சித்தப்பா. "இவன் ஓடாம நின்னு பாடுறான். புலியும் பாட்டு முடியட்டும்னு பொறுமையா நிக்குது. என்னா மரியாதையான புலி!"

"பாட்டு இல்லன்னா நீங்க தூங்கிடுவீங்க. பக்கத்துல உக்காந்து தட்டித் தட்டி எழுப்புனது யாரு?"

"அது அழுற காட்சிக்குத் தூங்குனேன். பாட்டுக்கு இல்ல."

"அந்தப் பொம்பள அழுதத அழுகைன்னு சொல்லாதீங்க. அழுதா மூக்கு செவக்கணும், மொகம் வீங்கணும். அவளுக்குப் பொட்டுகூடக் கலையல. புருஷன் செத்துட்டான்னு சேதி வருது, இவ கண்ணாடியில பாத்துக்கிட்டே விழுறா!"

அம்மாவுக்கு இதெல்லாம் ஒத்துவராது. அம்மா போனது சாமி படங்களுக்கு மட்டும்தான். அதற்கும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். முருகன் வேஷத்தில் வந்தவன் இடைவேளையில் வெளியே நின்று சுருட்டுப் பிடிப்பான் என்று சின்னம்மா சொன்னதற்காக அவளோடு ஒரு பொழுது முழுக்கப் பேசவில்லை. படத்தில் நடிப்பவன் ஊரில் இருக்கிறான், இங்கே வந்து எப்படிச் சுருட்டுப் பிடிப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவுக்கோ படம் என்றாலே ஆகாது. "அழுறதுக்கு வீட்லயே ஆயிரம் இருக்கு, அங்க வேற போயி அழணுமா?" என்பார். ஆனால் சித்தப்பா கதை சொல்லும்போது அப்பாவின் சுருட்டு அணைந்து போயிருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

தமிழ்ப் படத்துக்கு முன்னால் ஜப்பான்காரர்கள் தங்கள் சண்டைப் படத்தைக் கொஞ்சம் ஓட்டுவார்கள். கப்பல், கொடி, புகை, கத்திக்கொண்டு ஓடுகிற சிப்பாய்கள். அதைப் பற்றிச் சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் அபிப்பிராயம் சொல்லுவார். "எல்லாரும் கத்திக்கிட்டே ஓடுறானுங்க. எதுக்கு ஓடுறானுங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல லா." அடுப்படியிலேயே எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

இவர்கள் பார்க்காமல் விட்ட படம் ஒன்று இருந்தது. அது கிள்ளானுக்கு வரவிருந்த வாரத்தில்தான் யுத்தம் வந்தது. சுவரில் ஒட்டிய படத்தை மட்டும் சின்னம்மா பார்த்திருந்தாள்: கைக்குழந்தையோடு ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறாள், பின்னால் ஒரு பெரிய கதவு. அந்தப் பெண் யார், எதற்காக நிற்கிறாள் என்று சின்னம்மாவுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சில சாயங்காலங்களில் சித்தப்பாவிடம் வேறு கதை இல்லாதபோது அந்தப் படத்தின் கதை என்னவாக இருக்கும் என்று இருவருமாகக் கட்டுவார்கள். அவள் ராணி என்பார் சித்தப்பா. ராணி இல்லை, காலில் கொலுசு இல்லை, அவள் ஏழை வீட்டுப் பெண் என்பாள் சின்னம்மா. நாங்கள் யார் கட்சி என்று கை தூக்க வேண்டும்.

ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் குளிரு மாதம் தொடங்குகிற சமயத்தில் அந்தப் படம் கோலாலம்பூரில் ஓடப்போவதாகச் செய்தி வந்தது. ஒரு லோரியில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழிலேயே கூவிக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு பகல் காட்சி; தமிழர்கள் எல்லாரும் வரலாம்; இலவசம்.

அன்று சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் சித்தப்பா விஷயத்தைச் சொன்னார். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "சும்மா குடுக்கிறான்னா எதுக்குடா குடுக்கிறான்?"

"நம்மள நல்லபடியா வெச்சுக்கணும்னு பாக்குறான் அண்ணே."

"சயாமுக்கு ரயில் ரோட்டுப் போட ஆள் புடிக்கிறாங்கன்னு ரயில் யார்டுல பேசிக்கிறாங்க. தோட்டம் தோட்டமாக் காலியாவுது."

"அது தோட்டத்துல அண்ணே. டவுன்ல, இத்தன ஜனத்துக்கு நடுவுல, படம் பாக்க வந்தவனையா புடிப்பான்?"

அப்பா மேலே பேசவில்லை. பேசியிருந்தால் சித்தப்பா கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அண்ணன் சொல்லை மீறுகிறவர் இல்லை. ஆனால் அப்பாவுக்கும் நிச்சயமாக ஒன்றும் தெரியாது. அந்த நாளில் எல்லாமே பேச்சுத்தான், எது நிஜம் எது வதந்தி என்று யாருக்குத் தெரிந்தது?

காட்சி நாளன்று காலையில் சின்னம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டுவிட்டது. வீட்டிலிருந்த கோணியையெல்லாம் மேலே போட்டும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் கிட்டிக்கொண்டு பேச்சுத் திக்கித் திக்கித்தான் வந்தது. சித்தப்பா போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் காதர் அண்ணன் வந்தார். கிள்ளான் கடையில் சித்தப்பாவோடு வேலை பார்த்தவர். படத்துக்காகவே அங்கிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு மழையில் நனைந்து வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சின்னம்மா கோணிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"நீங்க போங்க. அண்ணன் இவ்வளவு தூரம் வந்திருக்காரு."

"ஒன்ன இப்படிப் போட்டுட்டா?"

"அக்கா இருக்காங்கல்ல. ரெண்டு பேருல ஒருத்தராவது பாத்தாத்தானே அந்தப் பொண்ணு யாருன்னு தெரியும்? போயிட்டு வந்து சொல்லுங்க. ஆனா உங்க கதைய அதுல சேக்கக் கூடாது. இருக்கிறத இருக்கிறபடி சொல்லணும்."

"ஒரு காட்சி விடாம சொல்றேன். நீ எந்திரிச்சு உக்காந்து கேக்கணும், ஆமா" என்றார் சித்தப்பா. தலைக்கு ஒரு வாழை இலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மழையில் இறங்கி நடந்தார்கள். நானும் வருவேன் என்று அழுதேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் பவளம் அக்கா என்று ஒருத்தி கடலை விற்பாள். எங்கள் வரிசையிலேயே கடைசி வீட்டுக்காரி. விளக்கு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால், கூடையும் கையில் இல்லாமல், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட எங்கள் வாசலில் வந்து நின்றாள். நின்றவளுக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, வீட்டுக்காரர் இருக்காரா?" என்று அம்மாவைக் கேட்டாள். அப்பா எழுந்து வந்தார். "அண்ணே, படம் பாதியில லைட்டப் போட்டுட்டான். எல்லாக் கதவையும் சாத்திட்டான். லோரி லோரியா வந்து நிக்குது. பொம்பள பிள்ளைங்கள மட்டும் ஒரு பக்கமா வெளிய தள்ளி விட்டான். ஆம்பளைங்கள எல்லாம் ஏத்திட்டான் அண்ணே. உங்க தம்பியும் ஏறுனத நான் என் கண்ணால பாத்தேன்."

உள்ளே காய்ச்சலில் கிடந்த சின்னம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பு அப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தது. "நான் போகச் சொன்னேன்கா. அவரு உக்காந்துட்டாரு. நான்தான் போகச் சொன்னேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அதையே வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா அப்போதே மழையில் யார்டுக்கு ஓடினார். திரும்பி வரும்போது பொழுது விடிந்துவிட்டது. வந்தவர் சமையற்கட்டில் உட்கார்ந்தார். அம்மா சூடாக எதையோ ஊற்றிக் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே அவர் சொன்னதை நான் கோணிக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாமான் ஏத்துற இரும்புப் பெட்டியில அடைச்சிருக்கான். கதவு வெளிய பூட்டு. நெருங்க முடியல, காவல் நிக்குது. விளக்கத் தூக்கிக்கிட்டு லைன் பாக்குற மாதிரி ஓரமா நடந்தேன். ஒவ்வொரு பெட்டியா 'ராசு, ராசு'ன்னு கூப்பிட்டேன். மழை தகரத்துல அடிக்கிற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சுவத்துல வாய வெச்சுக் கூப்பிட்டேன்." அப்பா கையிலிருந்ததைக் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எல்லாப் பெட்டியிலயும் பதில் வருது. ராசுன்னு ஒருத்தன் எல்லாப் பெட்டியிலயும் இருக்கான். 'இங்க இருக்கேன் அண்ணே, இங்க இருக்கேன்'னு. எவன் நம்ம ராசுன்னு தெரியலியே."

அந்த வண்டியை வடக்குப் பாதைக்குத் திருப்பிவிட்டது அப்பாவோடு வேலை பார்க்கிற இன்னொருவர். அன்று அப்பாவின் முறை இல்லை. இருந்திருந்தால் அப்பாவே திருப்பிவிட்டிருக்க வேண்டும். அதை நினைத்து அப்பா சாகும்வரை அந்த மனிதரிடம் ஒரு தனி மரியாதையோடு பழகினார். அவர் தன்மேல் விழவேண்டிய பாரத்தைத் தூக்கிக்கொண்டவர் என்பதுபோல.

சின்னம்மாவின் காய்ச்சல் சில நாளில் இறங்கியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளித் தோட்டத்துக்குள் போனாள். மழை மழையாகத்தான் பெய்தது, கிழங்கும் வெந்தது, ஆனால் சமையற்கட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. தம்பி சின்னப் பிள்ளை. ஒருநாள் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சின்னம்மா, புலி படம் சொல்லு" என்றான். அவள் அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்று தொடங்கினாள். அதற்குமேல் வரவில்லை. அவன் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழுது அழுது அவளுடைய மூக்கு சிவந்து முகம் வீங்கிப் போயிருந்தது.

ஜப்பான்காரன் தோற்றுப் போனான் என்ற செய்தி வந்த பிறகு, சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். சின்னம்மா தினமும் ரயில் நிலையத்துக்குப் போவாள். நானும் அவளோடு போயிருக்கிறேன். வண்டியிலிருந்து இறங்கியவர்களை மனிதர்கள் என்று சொல்வதற்கே கஷ்டமாக இருந்தது. எலும்பின் மேல் தோல், இடுப்பில் ஒரு கந்தல், காலில் அழுகிய புண். ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் போய் நின்று, "கோலாலம்பூர் ராசு, துணிக்கடை ராசு, தெரியுமாங்க?" என்று கேட்பாள். சிலர் தலையை ஆட்டுவார்கள். சிலர் அவளைப் பார்க்காமலே நடந்து போவார்கள்.

கடைசியில் செய்தி வீடு தேடியே வந்தது. ஒரு மத்தியானம் தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். குரலைக் கேட்கும்வரை அது காதர் அண்ணன் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அப்பா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். சின்னம்மா எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார்; பிறகு தரையைப் பார்த்தார். "தங்கச்சி…" என்றார். அவ்வளவிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாந்தியும் பேதியுமாகக் கண்டு, காலையில் வேலைக்கு வந்த மனிதர் சாயங்காலம் இல்லையாம். ஓர் ஆற்றங்கரை, சுற்றிலும் மூங்கில், அங்கேயும் மழை. எந்த இடம், எந்த மாதம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அங்கே யாருக்கும் தேதி தெரியாது என்றார். அம்மா வாய்விட்டு அழுதாள். அப்பா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். சின்னம்மா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கேட்டது இதுதான்:

"அண்ணே, அன்னிக்குப் படம் எதுவரைக்கும் ஓடுச்சு?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துவிட்டாள். ஆனால் காதர் அண்ணனுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அந்தப் பொண்ணு ராணி இல்ல தங்கச்சி, ஓடக்காரன் மகதான். புருஷன் கப்பல்ல போயிடுறான். மாமியா கைப்பிள்ளையோட வெளிய தள்ளிடுறா. மழையில நடந்து வந்து கோயில் கதவத் தட்டுது. கதவு தொறக்கல. மறுபடி தட்டுது. அந்த நேரத்துல லைட்டப் போட்டுட்டான்."

"அவரு முழிச்சுக்கிட்டுதான் பாத்தாரா?"

"கண்ணக் கொட்டாம பாத்தான். 'எம் பொண்டாட்டி சொன்னதுதான்டா சரி, கால்ல கொலுசு இல்ல பாரு'ன்னு என் தொடையில அடிச்சான்." காதர் அண்ணன் தடியை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார். "அங்க ராவானா எல்லாரும் அவனத்தான் சுத்தி உக்காருவோம். பாத்த படம் எல்லாம் சொல்லுவான், ஆடிக் காட்டுவான். ஆனா இந்தப் படத்த மட்டும் பாதியோட நிறுத்திடுவான். 'மீதிய நீயே எதையாவது சேத்துச் சொல்லுடா'ன்னு கேப்பாங்க. 'சேக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லி அனுப்பிச்சிருக்கு'ன்னுடுவான். 'ஊருக்குப் போனதும் அவளையே கேக்குறேன், பாக்காமலே சொல்லிடுவா எப்படி முடியும்னு'ன்னு சொல்லுவான்."

சின்னம்மா உள்ளே போனாள். தொட்டியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் நெற்றியில் பொட்டு இல்லை. யாரும் அவளிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை. காதர் அண்ணனுக்கு அவளே கிழங்கு எடுத்து வைத்தாள்; அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் மேருவுக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாள். அந்த வருஷக் கடைசியில் அப்பா என்னைக் கொஞ்ச நாள் அவளோடு இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தார். நான் போயிருந்த சமயத்தில் கிள்ளான் கொட்டகையில் அதே படம் வந்தது. யாரோ வந்து சொன்னார்கள். சின்னம்மா உடனே கிளம்பினாள். என்னையும் கிளம்பச் சொன்னாள். தோட்டத்து லோரியில் ஏறி, மழைத் தூறலில் கிள்ளான் போய்ச் சேர்ந்தோம்.

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படம் பார்த்தோம். அப்போது எனக்கு எல்லாம் புரிகிற வயது. திரையைப் பார்க்கவா, சின்னம்மாவைப் பார்க்கவா என்று தெரியாமல் தவித்தேன். ஓடக்காரன் மகள் பாடினாள், கல்யாணம் கட்டிக்கொண்டாள், பிள்ளை பெற்றாள். புருஷன் கப்பல் ஏறினான். மாமியார் அவளை வெளியே தள்ளியபோது கொட்டகையில் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். சின்னம்மா அசையவில்லை. அந்தப் பெண் மழையில் நடந்து வந்து கோயில் கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள்.

சின்னம்மா எழுந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"வா, போகலாம்."

"படம் முடியல சின்னம்மா."

"அவரு இதுவரைக்கும்தான் பாத்தாரு. எனக்கும் இதுவரைக்கும் போதும்."

பின்னால் இருந்தவர்கள் "உக்காரு, உக்காரு" என்று கத்தினார்கள். அவர்களுடைய காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம். லோரிக்காகக் கடைவாசலில் வெகுநேரம் காத்து நின்றோம். கொட்டகைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம், அழுகைச் சத்தம் எல்லாம் தெருவரைக்கும் கேட்டது. சின்னம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் கொட்டகைக்குப் போனது அதுதான் கடைசி.

அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்காது. மறுகல்யாணத்துக்கு வீட்டில் பேசினார்கள், அவள் கேட்கவில்லை. கடைசிவரை பால் வெட்டினாள், தன் தங்கை பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள், அவர்கள் கட்டிய வீட்டிலேயே கிழவியாகி இறந்தாள். நான் போகும்போதெல்லாம் எதையெதையோ பேசுவோம். சித்தப்பாவைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

நான் பிறந்து வளர்ந்த அந்தக் கோட்டர்ஸ் வரிசை இப்போது இல்லை. அங்கே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற கட்டடங்கள் நிற்கின்றன. கோலாலம்பூர்க் கொட்டகை, கிள்ளான் கொட்டகை இரண்டும் போய்விட்டன. காதர் அண்ணனும் போய்விட்டார். என் பேரன் கைபேசியில் எந்தக் காலத்துப் படத்தையும் தேடி எடுத்துவிடுகிறவன். ஒருநாள் மனம் துணிந்து அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னேன். ஒரு பிரதிகூட மிஞ்சவில்லையாம், சுருள் எல்லாம் எங்கேயோ மக்கிப் போய்விட்டதாம். அது எப்படி முடிந்தது என்று சொல்ல இனி ஆளில்லை. நான் அதிகம் வருத்தப்படவில்லை.

சின்னம்மாவைக் கிள்ளானில் நம் ஆட்களின் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். கல் வைக்கும்போது, சித்தப்பாவுக்கென்று இந்த உலகத்தில் எங்கும் ஒரு கல் இல்லையே என்று சொல்லி அவர் பெயரையும் அவள் பெயருக்குப் பக்கத்திலேயே வெட்டச் சொன்னேன். கல் வெட்டுகிற பையன் சீனன். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகப் படம் வரைவதுபோல வரைந்து வெட்டினான். சின்னம்மாவின் பெயருக்குக் கீழே அவள் இறந்த தேதியை வெட்டி முடித்துவிட்டு உளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆன்டி, அங்கிளுக்கு என்ன தேதி?" என்று மலாயில் கேட்டான்.

தெரியாது என்றேன். பிறகு கேட்டுச் சொல்கிறீர்களா என்றான். கேட்பதற்கு யாரும் இல்லை என்றேன். அவன் உளியைத் தரையில் வைத்தான். பிறகு சித்தப்பா பெயருக்குக் கீழே அந்த இடத்தைத் துணியால் துடைத்து வழவழப்பாக்கி அப்படியே விட்டுவிட்டான்.